நீலச் சேவையும் கடல்சாமி மகனும்

2023 டிசம்பர் 20, புதன்கிழமை காலை எங்கள் வீட்டுச் சேவை நீல நிறத்தில் இருந்தது. சுமார் ஆறு நிமிடம்.

மொட்டைமாடித் தொட்டியில் படர்ந்திருந்த சங்குப்பூவை முந்தின நாளே ஒரு கிண்ணம் பறித்து வைத்திருந்தாள் மகள். அதைக் கொதிநீரில் போட்டால் இறங்குகிற சாறு, காலண்டர் கிருஷ்ணர் நிறம். அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து மனைவி சேவை பிழிந்தார். மஞ்சள்தூள் பட்டால் பச்சையாகிவிடும் என்று தாளிப்பில் மஞ்சளைக்கூடத் தள்ளி வைத்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போய் அரைமூடி எலுமிச்சையை எடுத்துப் பிழிந்துவிட்டது. சங்குப்பூவுக்கும் புளிப்புக்கும் ஆகாது. எங்கள் கண்ணெதிரே நீலம் ஊதாவாயிற்று.

மகள் தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"புத்தகத்துல நீலம்னுதானே இருக்கு?"

"நிறத்துல என்னடி இருக்கு? சாப்ட்டுப் பாரு, ருசி அதேதான்."

அமெரிக்காவில் ஒன்றரை வருடமாக ஒரு பெரிய எழுத்தாளரும் அவருடைய வாசகர்களும் இதே வாக்குவாதத்தில்தான் இருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நீலத்துக்குக் காரணம் பெர்சி ஜாக்சன். ரிக் ரியோர்டன் எழுதிய ஐந்து புத்தகங்களின் நாயகன். நியூயார்க் பையன், 12 வயது. நீல நிறத்தில் சாப்பாடு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று அவனுடைய மாற்றாந்தந்தை ஒருமுறை சொல்லிவிட, அந்த ரோஷத்தில் அவன் அம்மா அன்றிலிருந்து கேக், மிட்டாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நீலமாக்கிக்கொண்டிருப்பார். அந்தக் கதைதான் டிஸ்னி பிளஸ் தொடராகி அன்று காலை வந்திருந்தது. முதல் இரண்டு பகுதிகள் ஒன்றாக, மீதி வாரம் ஒன்றாக. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஐந்து புத்தகங்களையும் தலா நான்கு முறை முடித்திருந்தாள். நான் ஒன்றையும் தொட்டதில்லை. தொலைக்காட்சி முன்னால் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பது தெளிவாக இருந்தது.

கதையை அவள் எனக்குச் சொல்லியிருந்தபடி சொல்கிறேன். கிரேக்கக் கடவுள்கள் எங்கேயும் போய்விடவில்லை. அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். ஒலிம்பஸ் இப்போது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடி, லிஃப்டில் போகலாம். கடவுள்கள் மனிதர்களிடம் பெற்ற பிள்ளைகள் எல்லாம் கோடைக்கால முகாம் ஒன்றில் வாள் பழகுகிறார்கள். பெர்சியின் அப்பா கடல்சாமி போஸைடன். யாரோ ஜீயஸின் மின்னலைத் திருடிவிட, பழி பெர்சி மேல் விழுகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா, அதாவது பாட்டி, கத்தியை நிறுத்தினார். "சாமிங்களும் அமெரிக்காவுல செட்டிலாயிட்டாங்களா? அவங்களுக்கு மட்டும் விசா எப்படிக் கிடைச்சுது?"

ரியோர்டன் பதினைந்து வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தூங்கும் முன் மகனுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்வாராம். ஒருநாள் சரக்கு தீர்ந்துபோனது. புதிதாக ஒன்று கட்டிச் சொல்லும்படி பையன் கேட்க, அவர் ஆரம்பித்த கதை முடிய மூன்று இரவு பிடித்தது. முடிந்ததும் பையன், இதைப் புத்தகமாக எழுது என்றான். எழுதினார். 2005இல் 'தி லைட்னிங் தீஃப்' வந்தது. நானும் இரவில் கதை சொன்ன அப்பாதான். என் கதைகளில் இருந்த ஒரே சஸ்பென்ஸ், சொல்பவன் முதலில் தூங்குவானா கேட்பவள் தூங்குவாளா என்பதுதான். புத்தகமாக எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.

ரியோர்டனின் மகனுக்கு எழுத்துக்கள் குழம்பும் டிஸ்லெக்ஸியாவும், ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஏ.டி.ஹெச்.டி.யும் இருந்தன. அப்பா இரண்டையும் கதாநாயகனுக்குக் கொடுத்தார். பெர்சிக்கு ஆங்கில எழுத்து நீந்துவதற்குக் காரணம், அவன் மூளை பழைய கிரேக்கத்துக்கென்று அமைந்தது. அவனால் சும்மா உட்கார முடியாதது போர்க்களத்தில் உயிர்காக்கும் சுறுசுறுப்பு. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது (பிற்பாடு படித்தேன், அந்தக் கதைக்கு வருகிறேன்). ஆனால் இதனால் எனக்கு நேர்ந்தது வேறு. மகள் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று டைரியில் எழுதி வந்தது. விசாரித்தேன். "அது போர்வீரர்களோட ரிஃப்ளெக்ஸ்ப்பா" என்றாள். அப்பா என்ற முறையில் கையெழுத்துப் போடும்போது, நான் ஒலிம்பஸைச் சேர்ந்தவன் இல்லை என்று கீழே ஒரு குறிப்பு எழுதலாமா என்று யோசித்தேன்.

தொடர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பயிற்சியாக இருக்கட்டும் என்று 2010இல் வந்த திரைப்படத்தைப் போட்டேன். ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்களை எடுத்த கிறிஸ் கொலம்பஸ் இயக்கியது. குழந்தைக் கதைகளில் கை தேர்ந்தவர், பயப்படத் தேவையில்லை என்று நினைத்தேன். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மகள் உள்ளே போய் ஒரு 80 பக்க நோட்டும் பென்சிலும் எடுத்து வந்தாள். அட்டையில் பெரிதாக 'தப்பு' என்று எழுதினாள். உள்ளே மூன்று பத்தி பிரித்தாள்: சின்னது, பெருசு, மன்னிக்க முடியாதது.

முதல் தப்பு வயது. 12 வயதுப் பையன் படத்தில் கார் ஓட்டுகிற பருவத்துக்கு வந்துவிட்டான். மன்னிக்க முடியாதது. கதையின் பாதிச் சிக்கலுக்குக் காரணமான போர்க்கடவுள் ஆரீஸுக்குப் படத்தின் கதையில் வேலையே இல்லை. மன்னிக்க முடியாதது. பெர்சியின் தோழி அன்னபெத்துக்குத் தங்கநிற முடி என்று புத்தகம் சொல்கிறது, படத்தில் பழுப்பு. பெருசு. (2013இல் வந்த இரண்டாம் படத்தில் அதே நடிகை திடீரென்று தங்க முடியோடு வருவார். வாசகர்கள் போட்ட கூச்சல் சலூன் வரை எட்டியிருக்கும்போல.) வில்லனுக்கெல்லாம் மூல வில்லனான குரோனோஸைக் காணோம் என்கிற இடத்தில் கரண்ட் போனது. அதுவரை எண்ணிக்கை 41. கரண்ட் வந்த பிறகு தொடரலாமா என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூஸாவின் சாயல் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு முன்பே இதே நோட்டை இன்னொருவர் போட்டிருக்கிறார். ரியோர்டனேதான். முதல் புத்தகம் அச்சாவதற்கு முன்பே திரைப்பட உரிமையை விற்றுவிட்டதால், திரைக்கதையில் அவருக்குச் சொல் கிடையாது. 2009இல் திரைக்கதையைப் படித்துவிட்டுத் தயாரிப்பாளர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார். பிள்ளைகளின் வயதைக் கூட்டினால், புத்தகத்தை நேசிக்கிற சின்னப் பிள்ளைகளே படத்தைக் கைவிடுவார்கள் என்று மன்றாடினார். யாரும் கேட்கவில்லை. 2018இல் அந்தக் கடிதங்களை அவரே வெளியிட்டார். அந்தப் படங்களை இன்றுவரை தான் பார்த்ததில்லை என்றும் சொல்லியிருக்கிறார். மகளிடம் இதைச் சொன்னபோது, தன் கட்சிக்குப் பெரிய வக்கீல் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து நடந்தது பாகப்பிரிவினைச் சொத்துக் கதை. புத்தகம் டிஸ்னியின் பதிப்பகத்திடம், பட உரிமை ஃபாக்ஸிடம் என்று பிரிந்து கிடந்தது. 2019இல் டிஸ்னி ஃபாக்ஸின் சினிமா நிறுவனத்தையே வாங்கிவிட, வீடும் தோட்டமும் ஒரே குடும்பத்துக்கு வந்தன. 2020 மே மாதம் ரியோர்டனும் அவர் மனைவியும் தொலைக்காட்சித் தொடர் வருவதை அறிவித்தார்கள். இந்த முறை எழுத்தாளர் தயாரிப்பிலேயே இருப்பார்; முதல் பகுதியின் திரைக்கதையிலும் அவர் கை இருக்கும்.

தொலைக்காட்சி என்றதும் பிள்ளைகள் மகிழ்ந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. 22 அத்தியாயத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பது, கல்யாணச் சீர்வரிசையை ஸ்கூட்டரில் ஏற்றுகிற வேலை. எட்டுப் பகுதி என்றால் ஒரு மினி லாரியாவது கிடைக்கிறது. இந்த வழியில் முன்பே சிலர் தப்பித்திருக்கிறார்கள். லெமனி ஸ்னிக்கெட்டின் துயரக் கதைகளில் முதல் மூன்று புத்தகத்தை 2004இல் ஒரே படத்தில் அமுக்கினார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2017இலிருந்து 13 புத்தகத்தையும் 25 பகுதிகளாக, புத்தகத்துக்கு இரண்டு வீதம், கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் ஒன்று என்று நிதானமாகப் பரிமாறியது. எழுத்தாளர் பிலிப் புல்மனின் கதை இன்னும் பரிதாபம். 2007இல் முதல் புத்தகத்தைப் படமாக்கியவர்கள், கிளைமாக்ஸை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டி எடுத்து வைத்தார்கள். அடுத்த படம் வரவேயில்லை. கிளைமாக்ஸ் பன்னிரண்டு வருடம் காத்திருந்து, 2019இல் பிபிசி தொடராக எடுத்தபோதுதான் திரைக்கு வந்தது.

ஆக, ஊதாச் சேவையோடு உட்கார்ந்தோம். மகள் மடியில் நோட்டு. முதல் பகுதியின் தலைப்பு, கணக்கு டீச்சரைத் தெரியாத்தனமாக ஆவியாக்கிவிட்டேன் என்று பெர்சி சொல்கிற புத்தக அத்தியாயத்தின் தலைப்பேதான். முதல் பக்கமே சரியாக இருக்கிறது என்று மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். பையனுக்குச் சரியான வயது. அரை மணி நேரம் எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி, கொரோனா காலத்துக்குப் பிறகு நான் கண்டதில்லை.

பாட்டிதான் எல்லோரையும்விட ரசித்தார். புத்தகம் படிக்காததால் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. தேவர்களுக்கும் மனுஷிக்கும் பிறந்த பிள்ளைகளா, சரி, குந்தி பிள்ளைகள். அப்பா யார் என்று தெரியாமல் வளர்கிற பையனா, சரி, கர்ணன். பெர்சியின் நண்பன் க்ரோவருக்கு இடுப்புக்குக் கீழே ஆட்டுக்கால். நடித்த ஆர்யன் சிம்மாத்ரி இந்திய வம்சாவளிப் பையன் என்பதால் முகத்தைப் பார்த்ததுமே பாட்டிக்குப் பிடித்துவிட்டது. காலைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார். "தட்சனுக்கு மேல ஆடு. இவனுக்குக் கீழ ஆடு. அவ்வளவுதானே?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெண்டைக்காய்க்குத் திரும்பினார்.

எனக்கும் ஒரு மரியாதை கிடைத்த நாள் உண்டு. ஐந்தாவது பகுதியில் மோட்டார் பைக்கில் ஆரீஸ் வந்து இறங்கினார். நான் சோபாவை விட்டு எழுந்துவிட்டேன். "எட்ஜ்! எட்ஜ்டா இது!" மல்யுத்த வீரர் ஆடம் கோப்லேண்ட். பள்ளிக்கூட நாள்களில் நாங்கள் உயிரைக் கொடுத்து விளையாடிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு தலைமுறைக்குத்தான் அந்தத் தாடையின் அருமை தெரியும். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று சொல்லத் தொடங்கினேன். போர்க்கடவுளின் எடையை யாரும் கேட்கவில்லை என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆனால் அதற்கு முன்பே, மூன்றாவது பகுதியில், பென்சில் எழுந்துவிட்டது. மெடூஸா வீடு. புத்தகத்தில் அந்த இடம் தோட்டத்துச் சிலை விற்கிற கடை. பசியோடு வருகிற மூன்று பிள்ளைகளுக்கும் முக்காடு போட்ட ஓர் ஆன்ட்டி பர்கர் போட்டு உபசரிக்கிறாள். யார் என்று தெரியாமல் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்க, படிக்கிற நமக்குத்தான் வயிறு கலங்குகிறது. தொடரில் வாசலிலேயே அவள் மெடூஸா என்று கண்டுபிடித்துவிட்டு, தெரிந்தே உள்ளே போகிறார்கள். மகள் 'மன்னிக்க முடியாதது' பத்தியில் அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கம்வரை தடம் விழுந்தது. ஆறாவது பகுதியில் இன்னொரு அடி. மின்னலைத் திருப்பித் தர ஜூன் 21 கெடு. புத்தகத்தில் மூச்சிரைக்க ஓடி முடித்துவிடுவான். தொடரில் லாஸ் வேகாஸ் தாமரை விடுதியில் நேரம் போனது தெரியாமல் கிடந்து, வெளியே வரும்போது கெடுவே தாண்டிவிட்டது.

நான் சமாதானம் செய்யப் பார்த்தேன். "எழுதினவரே கூட உக்காந்துதானே செஞ்சிருக்காரு?"

"அவருக்கு மறந்துபோச்சுப்பா."

"அவரு எழுதின கதை அவருக்கு மறக்குமா?"

"அவர் எழுதி 18 வருஷம் ஆச்சு. நான் போன மாசம்தான் படிச்சேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் இன்னமும் இல்லை. கொலம்பஸைக் குற்றக்கூண்டில் ஏற்றியபோது அவளுக்கு வக்கீலாக வந்தவரே இப்போது கூண்டில் நிற்கிறார். பாவம், அவர் பக்கத்தை யாராவது சொல்ல வேண்டும். கிரேக்கப் புராணத்தைக் கரைத்துக் குடித்த அன்னபெத், முக்காடும் கற்சிலையுமாக நிற்கிற ஒருத்தியை அடையாளம் தெரியாமல் பர்கர் தின்பது, பக்கத்தில் படிக்கும்போது உறுத்தாது. பெர்சி நம் காதில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான், வேறு எதையும் யோசிக்க விடமாட்டான். திரையில் அந்தப் பேச்சு கிடையாது. மூன்று முட்டாள் பிள்ளைகள் மட்டும் தெரிவார்கள். இதை அவர் 2005இல் கவனித்திருக்க மாட்டார், 2022இல் கவனித்திருப்பார் என்று நானாக ஊகிக்கிறேன். எழுதுகிறவனுக்குப் பழைய எழுத்தைக் கண்டால் கை அரிக்கும். என் பத்து வருடத்துக்கு முந்தின கட்டுரைகளைத் திருத்தி எடுக்க எவனாவது இரண்டு கோடி தருகிறேன் என்றால், ஒரு வரி மிஞ்சாது.

"யாரைக் கொண்டு பொறந்திருக்கு இது?" என்று மனைவி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இருந்தது. 2022 செப்டம்பரில் பொன்னியின் செல்வன் முதல் படத்துக்குப் போயிருந்தோம். ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் எடுத்தால் என்னென்ன போகும் என்று இடைவேளைக்கு முன்பே விரல்விட்டு எண்ணி, முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்து, மனைவி என் வாயில் பாப்கார்னைத் திணித்த சம்பவம் நடந்தது. அன்று எங்கள் நடுவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு வயது எட்டு.

நிறத்தைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2022 மே மாதம் அன்னபெத் வேடத்துக்கு லியா ஜெஃப்ரீஸ் என்ற கறுப்பினச் சிறுமியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு அப்போது 12 வயது. தங்கமுடி வெள்ளைப் பெண்ணைத்தான் ஏற்போம் என்று ஒரு கூட்டம் அந்தக் குழந்தையைத் துரத்தித் துரத்தித் திட்டியது. இத்தனைக்கும் புத்தகத்துப் பெர்சிக்குக் கறுப்பு முடி. நடித்த வாக்கர் ஸ்கோபெல்லுக்குத் தங்க முடி. அதற்கு யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ரியோர்டன் உடனே கடுமையாக ஒரு பதில் எழுதினார். அந்தக் குணத்துக்கு இவள்தான் பொருத்தம், இதில் குறை காண்பது நிறவெறி என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். எனக்கு உர்சுலா லெ குவின் நினைவு வந்தது. அவருடைய 'எர்த்ஸீ' கதைகளில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்த உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்தபோது வெள்ளை நடிகரைப் போட்டது. லெ குவின் கொதித்துக் கட்டுரை எழுதினார். அன்றைக்கு இந்தக் கூட்டம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

என் மகளும் 'பெருசு' பத்தியில் அன்னபெத் முடியைக் குறித்து வைத்திருந்தாள். அவளுக்குத் தோலைப் பற்றி ஒன்றுமில்லை. நீலம் என்றால் நீலம், தங்கம் என்றால் தங்கம் என்கிற கணக்கு வாத்தியார் புத்தி. அதை எப்படிப் பேசுவது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது பாட்டி முந்திக்கொண்டார். அவர் செய்யாறு பக்கம். சின்ன வயதில் வருடாவருடம் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர்.

"எங்க ஊருல திரௌபதி வேஷம் கட்டினவரு பகல்ல சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. காலைல அவருகிட்டதான் பஞ்சர் ஒட்டுவோம். ராத்திரி துகில் உரியறப்போ அதே ஆளு முன்னால விழுந்து கும்புட்டு அழுவோம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுறவருக்கு அறுபது வயசு, முன்னாடி ரெண்டு பல்லு கிடையாது. ஒருத்தரும் நோட்டுல எழுதல."

"அது கூத்து பாட்டி. இது சீரிஸ்."

"ஓ" என்றார் பாட்டி.

கொஞ்ச நேரம் தொடர் ஓடியது. பிறகு மகள் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பஞ்சர் கடைக்காரர் நல்லா அழுவாரா?"

"ஊரே அழும்."

அவள் ரப்பரை எடுத்து நோட்டில் ஒரு வரியை அழித்தாள். எந்த வரி என்று எட்டிப் பார்க்க முயன்றேன். மூடிவிட்டாள்.

2024 ஜனவரி கடைசியில் எட்டாவது பகுதி வந்தது. ஜீயஸாக வந்த லான்ஸ் ரெட்டிக், தொடர் வெளிவருவதற்கு ஒன்பது மாதம் முன்பே காலமாகிவிட்டார் என்று சொன்னேன். "சாமி செத்துட்டாரா?" என்று பாட்டி பதறிப்போனார். மொத்தக் குற்றங்கள் 23. படத்தில் பாதியிலேயே 41. பாஸ் என்று அறிவித்தாள் மகள். அடுத்தது எப்போது என்று கேட்டாள்.

அங்கேதான் தொலைக்காட்சியின் சங்கடம். புத்தகத்தில் பெர்சிக்கு ஆண்டுக்கு ஒரு வயது. முதல் புத்தகத்தில் 12, அடுத்ததில் 13. ரியோர்டன் 2005இலிருந்து 2009வரை வருடம் ஒன்றாகக் கொடுத்துப் படிக்கிற பிள்ளைகளையும் கூடவே வளர்த்தார். பிபிசிக்காரர்கள் 1988இலிருந்து 1990க்குள் நார்னியாவின் நான்கு புத்தகத்தை முடித்தார்கள். சிங்கம் ஒரு பொம்மை, பீவர்கள் தோல் சட்டை போட்ட மனிதர்கள். பிள்ளைகளுக்கு மீசை வருவதற்குள் வேலை முடிந்தது. இப்போது ஒரு அரக்கன் வாயைத் திறக்க எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் எத்தனையோ மாதம் உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டாவது பருவத்தின் படப்பிடிப்பே 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஹாரி பாட்டரை ஹெச்பிஓ புதிதாகத் தொடராக எடுக்கிறதே, பத்து வருடத் திட்டம் என்று சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஜாதகத்தோடு தயாராக இருப்பது நல்லது.

அந்த இடைவெளியில்தான் நான் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா புரட்டினேன், மாட்டிக்கொண்டேன். மெட்ரோவில் நாற்பத்து மூன்று வயது ஆள் அட்டையில் வாளோடு பையன் நிற்கிற புத்தகத்தைப் படித்தால் எதிர்சீட்டுக்காரர் மேலும் கீழும் பார்க்கிறார். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டேன். ஓரங்களில் மகளின் பென்சில் குறிப்புகள் இருந்தன. 'ஹா ஹா.' 'பாவம்.' 'அப்பா மாதிரியே' என்று ஓரிடத்தில். மூட்டைப்பூச்சி தேடுகிற வேகத்தில் முன்னும் பின்னும் படித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஓர் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் தவிர வேறு யாரும் இல்லை. ஐந்து புத்தகத்தையும் முடித்து, இரண்டாவதை மட்டும் மறுபடி படித்தேன்.

2025 டிசம்பர் 10, மறுபடியும் ஒரு புதன்கிழமை. ஏழாம் வகுப்பு. ஒரு வாரமாக நான்தான் நினைவூட்டிக்கொண்டிருந்தேன். "பாக்கலாம்ப்பா" என்றே பதில் வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு மனைவி நீலச் சேவை பிழிந்திருந்தார்; பாடம் கற்றவர், எலுமிச்சையைத் தனிக் கிண்ணத்தில் நறுக்கி வைத்திருந்தார். 'தப்பு' நோட்டைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் முழுக்க அல்ஜீப்ரா.

தொடர் தொடங்கியது. திரையில் வந்து நின்றவன் நெடுநெடுவென்று ஒரு வாலிபன். குரல் உடைந்து, தோள் அகன்று. இவனா பெர்சி? நடிகனுக்கு 16 வயது, இன்னும் ஒரு மாதத்தில் 17. எனக்குப் பொறுக்கவில்லை.

"புத்தகத்துல பதிமூணு வயசுன்னுதானே இருக்கு? இது என்ன அநியாயம்? அந்தாளே 2009ல லெட்டர் போட்டாரே, வயச ஏத்தாதீங்கன்னு. இப்ப அவரே..."

"அப்பா."

"இல்லம்மா, நீயே சொல்லு, இது மன்னிக்க..."

"அப்பா, பசங்க வளருவாங்கப்பா. பேசாம பாரு."

சொல்லிவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, எலுமிச்சைத் துண்டை எடுத்துத் தன் தட்டில் பிழிந்தாள். பாட்டி குனிந்து தட்டைப் பார்த்தார். "நல்லா இருக்குல்ல?" என்றார்.

"ம்" என்றாள், வாய் நிறைய ஊதாவோடு.